உளுந்தில் பூ உதிர்வு: என்.ஏ.ஏ. அளவு குறித்து ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். மன்னார்குடி அருகே, சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்பு ஈர வயலில் தெளித்த ஆடுதுறை 3 உளுந்து இப்போது பூவெடுத்திருக்கிறது. ஆனால் பூக்கள் தினமும் கொட்டுகின்றன.

பூவிலிருந்து காம்பு வழியே ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் இறங்கிக்கொண்டிருக்கும் வரை, காம்பின் அடியில் பூ கழன்று விழும் இடமான உதிர்வு அடுக்கு, எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்கு எளிதில் இணங்குவதில்லை என்பதும், அந்த வரத்து குறைந்ததும் எத்திலீன் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைத் தூண்டிப் பூவை உதிர்த்துவிடுகிறது என்பதும் படித்து அறிந்தேன். செயற்கை ஆக்சினான என்.ஏ.ஏ.வை லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் தெளிக்கப் பரிந்துரைப்பது இதனால்தான்.

என்னிடம் இருப்பது 4.5 சதவீதக் கரைசல். கணக்குப்படி 10 லிட்டர் டேங்குக்குச் சுமார் 9 மில்லி போதும். மருந்துக்கடையிலோ 25 மில்லி ஊற்றச் சொல்கிறார்கள். (உரத்தைப் போல இதையும் நினைக்கிறார்கள் போலும்.) அளவு மிஞ்சினால் ஆக்சினே செடியில் எத்திலீன் சுரப்பைக் கூட்டிவிடும், ஆப்பிள் தோட்டங்களில் மிகுதியான பிஞ்சுகளை உதிர்க்கவும் இதே மருந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

2 சதவீத டிஏபி உரக் கரைசலுடன் இதைக் கலந்து தெளித்த டெல்டா விவசாயிகள் யாரேனும் இருந்தால், என்ன அளவில், எந்த நேரத்தில் தெளித்தீர்கள், பூ உதிர்வது நின்றதா என்பதைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.