யானை வரைந்த படத்தை வாங்கலாமா? சியாங் மாய் போகிறோம்

மீரா, சேலம்:
வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு தாய்லாந்தின் சியாங் மாய் போகிறோம். யானை துதிக்கையில் பிரஷ் பிடித்துப் பூச்செடி வரையும் வீடியோவை என் மகள் பார்த்துவிட்டாள். அப்படி ஒரு படம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நாங்கள் பேசி வைத்திருக்கும் முகாமில், எல்லாமே மீட்கப்பட்ட யானைகள், படம் விற்ற பணம் அவற்றின் தீனிக்கும் மருந்துக்கும்தான் போகிறது என்கிறார்கள். என் நாத்தனாரோ, பாகன்கள் யானையைக் கொடுமைப்படுத்தித்தான் வரைய வைக்கிறார்கள், வாங்கவே கூடாது என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ராஜ்குமார், சிங்கப்பூர்:
நாங்கள் வாங்கினோம், வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். பாகன்களைக் கொடியவர்களாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தெற்கே வெள்ளமும் மண்சரிவும் ஊர்களை அடித்துக்கொண்டு போனபின், 1989இல் தாய்லாந்து காட்டு மரம் வெட்டுவதற்குத் தடை போட்டது. நியாயமான தடைதான். ஆனால் மரம் இழுத்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் பிழைப்பு போயிற்று. பாங்காக் தெருவில் யானையை நிறுத்திக் காசு கேட்கும் நிலைக்கு வந்தார்கள். ஒரு யானைக்கு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். படம் விற்றாவது அது நடக்கட்டுமே.

செல்வி, சியாங் மாய்:
மீரா, நான் பினாங்குக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். கைக்காகிதம் வாங்கி நோட்டுப் புத்தகம் தைத்து விற்கிறேன். யானை லத்தியில் செய்த காகிதமும் அதில் உண்டு. அதனால் முகாம்களுக்குப் போய்வருவது வழக்கம்.

ராஜ்குமார் அண்ணன் சொல்லும் வரலாறு சரி. அந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் கோமர், மெலமிட் என்ற இரு ஓவியர்கள், ரஷ்யாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறியவர்கள், 1998இல் லாம்பாங் யானைப் பாதுகாப்பு மையத்தில் யானைகளுக்கு வண்ணம் பழக்கினார்கள். 2000இல் அந்தப் படங்கள் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கே போயின. அவை பெரும்பாலும் வெறும் தீற்றல்கள், யானை இழுத்த இழுப்பு. இப்போது கூட்டம் கைதட்டுவது பூந்தொட்டிக்கும் யானை உருவத்துக்கும்.

அந்தப் பூ எப்படி வருகிறது தெரியுமா? யானை வரையும்போது படத்தை விட்டுவிட்டுப் பாகனின் கையைப் பாருங்கள். கழுத்தோரம் ஒட்டி நின்று காதைப் பிடித்திருப்பார். மேலும் கீழும் இழுத்தால் செங்குத்துக் கோடு, பக்கவாட்டில் இழுத்தால் படுக்கைக் கோடு. விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸ் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அடுத்த காட்சியிலும் அதே யானை அதே பூவைத்தான் போடும்.

காதை இழுப்பதில் என்ன வலி என்று கேட்கலாம். அந்த இழுப்புக்கு அடங்க அது எப்படிக் கற்றது என்பதுதான் என் கவலை. குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, அசைய முடியாத மரச்சட்டத்துக்குள் கட்டி, அங்குசத்தால் பணியவைக்கும் முறை இங்கே நெடுநாளாக உண்டு. அதையெல்லாம் அனுபவித்து மீண்டு வந்த யானையை மறுபடி கூட்டத்தின் முன்னால் நிறுத்தி வேலை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. யானைக்கு அது நல்ல பொழுதுபோக்கு என்றும் சொல்வார்கள். மெல்பர்ன் விலங்குக் காட்சியகத்தில் நான்கு யானைகளைக் கவனித்து 2014இல் வந்த ஆய்வில், வரைவதால் யானைக்குப் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை.

மீரா:
நன்றி செல்வி அக்கா. மகளிடம் வெறுமனே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. யானைக்கும் உதவ வேண்டும். வேறு என்ன வாங்கலாம்?

செல்வி:
லத்திக் காகிதம் வாங்குங்கள். அதைவிட, அவளையே செய்யச் சொல்லுங்கள். சில இடங்களில் வருகிறவர்களுக்கும் செய்ய இடம் கொடுப்பார்கள். யானை தின்பதில் பாதிக்கு மேல் செரிக்காமல் நாராகவே வெளியே வந்துவிடும். அதைக் கழுவி, மணிக்கணக்கில் வேகவைத்து, அடித்துச் சாயம் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள். தண்ணீரில் மிதக்கும் வலைச் சட்டத்துக்குள் அந்த உருண்டையை உதிர்த்து, விரலால் ஒரே சீராகப் பரப்பி, சட்டத்தோடு தூக்கி வெயிலில் சாய்த்தால் தாள் தயார். நாற்றம் துளிகூட இருக்காது. பல் தேய்ந்த கிழட்டு யானையின் லத்தியில் நார் நீளமாக இருக்கும், தாளைத் தடவினாலே தெரியும். யானைக்குக் கடைவாய்ப் பல் ஆறு முறைதான் முளைக்கும். கடைசிப் பல்லும் தேய்ந்துவிட்டால் புல்லைப் பொடியாக நறுக்கித்தான் போடவேண்டும், அதற்குத் தனியாக ஆள் வேண்டும். பணம் அங்கே போகட்டும்.

வர்ணம்தான் வேண்டுமென்றால் மோஷாவின் கதையைச் சொல்லுங்கள். 2006இல், ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது கண்ணிவெடியில் ஒரு முன்னங்காலை இழந்தவள். லாம்பாங்கில் ஆசிய யானை நண்பர்கள் அமைப்பின் மருத்துவமனையில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அவளைப் பார்த்து மனம் கரைந்துதான் 2007இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வேறு சிலர் ‘எலிஃபன்ட் பரேட்’ என்ற யானைச் சிலைக் கண்காட்சியைத் தொடங்கினார்கள். ஓவியர்கள் சிலைகளுக்கு வர்ணம் தீட்ட, அவை யானைகளுக்கு உதவ ஏலத்துக்குப் போகும். யானை எதையும் வரைய வேண்டியதில்லை. அந்தச் சிலைகளின் குட்டி வடிவங்களும் விற்பனைக்கு வருகின்றன, பையில் அடங்கும்.

ராஜ்குமார்:
சரிம்மா, காட்சி இல்லாவிட்டால் பாகன் கதி?

செல்வி:
அவர் இல்லாமல் எந்த முகாமும் நடக்காது அண்ணா. புல் வெட்ட, ஆற்றுக்குக் கூட்டிப்போக, புண்ணுக்கு மருந்து போட என்று நாள் முழுக்க வேலை இருக்கிறது. சம்பளம் அதற்குக் கிடைக்கவேண்டும்.

மீரா, கிளம்பும் முன் அந்த முகாமுக்கு ஒரு மெயில் போட்டு, ஓவியக் காட்சி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேளுங்கள். நேரம் குறித்துப் பதில் வந்தால் முன்பதிவை ரத்து செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், வேறு இடம் சொல்கிறேன்.