சவுத்டேலை 'உலகின் முதல் மால்' என்று எழுதலாமா?

பழைய_வரைபடம்:
அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், எடைனா ஊரில் இருக்கும் சவுத்டேல் சென்டர் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். மூன்று இடத்தில் முட்டுகிறது.

'முதல் மால்' என்றுதான் எங்கும் போட்டிருக்கிறது. ஆனால் சியாட்டிலின் நார்த்கேட் 1950லேயே திறந்தாயிற்று. அடுத்தது கூரை. அதைப் போட்டது குளிருக்காக மட்டும்தானா? கடைசியாக, பரப்பளவு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எதை எடுப்பது?

செங்கல்_சிமெண்ட்:
'முதல் மால்' என்று மொட்டையாக எழுதினால் யாராவது வந்து அடித்துத் திருத்துவார்கள். அடைமொழியை முழுசாகப் போடுங்கள்: 'முழுக்கக் கூரையிட்டு, உள்ளே தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்திய முதல் பெரிய புறநகர் மால்'. திறந்த நாள் 1956 அக்டோபர் 8.

காரில் வருபவர்களை நினைத்துக் கட்டிய கடைத்தொகுதி என்று பார்த்தால் கன்சாஸ் சிட்டியின் கன்ட்ரி கிளப் பிளாசா 1920களிலேயே வந்துவிட்டது. நார்த்கேட்டில் இரண்டு வரிசைக் கடைகளுக்கு நடுவே நடைபாதை, மேலே வானம். மாசசூசெட்ஸ் மாநிலம் ஃப்ரேமிங்ஹாமில் 1951ல் திறந்த ஷாப்பர்ஸ் வேர்ல்டு இரண்டு மாடி, அதுவும் திறந்தவெளிதான். சவுத்டேலை வடிவமைத்த விக்டர் க்ரூயனே டெட்ராய்ட் அருகே 1954ல் செய்த நார்த்லேண்டுக்கும் கூரை கிடையாது. விஸ்கான்சின் மாநிலம் ஆப்பிள்டனைக் கேட்டால், 1955ல் திறந்த எங்கள் வேலி ஃபேர்தான் மூடிய முதல் மால் என்பார்கள். அது சின்னது. அதனால்தான் 'பெரிய' என்ற சொல்லை விடக்கூடாது.

என்னைக் கேட்டால் கூரையைவிட முக்கியமானது வேறு. டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்று ஒன்றோடொன்று போட்டி போடும் இரண்டு டிப்பார்ட்மென்ட் ஸ்டோர்களை ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். மாலைக் கட்டியதே டேட்டன் நிறுவனம்தான். எதிராளியையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டது. ஷாப்பர்ஸ் வேர்ல்டுக்கு ஒரே ஒரு ஆங்கர், அதாவது கூட்டத்தை இழுக்கும் பெரிய கடை. 1954ல் திவாலானது. ஆங்கர் இரண்டு முனையிலும் இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பவர் நடுவில் உள்ள சின்னக் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆங்கருக்குச் சதுர அடி வாடகை குறைவு. நடுவில் இருக்கும் சின்னக் கடைகள்தான் அதிகம் கொடுக்கின்றன, பெரும்பாலும் விற்பனையில் ஒரு சதவீதமும் சேர்த்து. மாலின் கணக்கு நிற்பது இதன் மேல்தான்.

மாடிப்படி:
கூரை விஷயம். குளிர் ஒரு காரணம்தான். மினியாபொலிஸ் பக்கத்தில் ஆண்டுக்கு 126 நாள்தான் கடைக்குப் போக உகந்த வானிலை என்று அப்போதே ஒரு கணக்கு சொன்னார்கள். உள்ளே எப்போதும் 75 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 24. நடுமுற்றத்துக்கு 'நிரந்தர வசந்தம்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனால் மூடினால் செலவிலும் மிச்சம் உண்டு. வெளிக்காற்று படாததால் ஒவ்வொரு கடைக்கும் தனியாகக் கதவு, கனமான கண்ணாடி, வெளிச்சுவர் வேண்டியதில்லை. கடையின் முகப்பையே திறந்து விடலாம். கட்டடம் கச்சிதமாக இருக்கும், நடக்கும் தூரமும் குறையும்.

கச்சிதமாக்க இரண்டு தளம் வேண்டும். இரண்டு தளம் என்றால் உடனே ஒரு வம்பு: மேல் தளத்துக்கு யாரும் ஏறி வரமாட்டார்கள், அங்கே வாடகை விழும். அதற்கு க்ரூயன் செய்த வேலை பார்க்கிங்கில் இருக்கிறது. மைதானத்தையே வேறு வேறு மட்டத்தில் அமைத்தார். சில இடங்களில் காரை நிறுத்தினால் கீழ்த் தளத்துக்குள் போவோம், சில இடங்களில் மேல் தளத்துக்குள். இரண்டுமே 'தரைத்தளம்' மாதிரி ஆகிவிடுகிறது. காரை விட்ட இடம் மறக்காமலிருக்க ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மிருகத்தின் படம். சரக்கு லாரிகளுக்கு நிலத்தடியில் தனிப்பாதை, வாடிக்கையாளர் கண்ணில் படாது.

தேய்மானம்54:
கட்டுரையில் ஒரு தப்பு மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1954 வரிச்சட்டம் புதுக் கட்டடங்களுக்கு விரைவுத் தேய்மானம் (கட்டடத்தின் மதிப்புக் குறைவை முதல் ஆண்டுகளிலேயே வருமானத்தில் அதிகமாகக் கழித்துக்கொள்வது) கொடுத்தது, 1956ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது, அதனால் சவுத்டேல் பிறந்தது என்று கோத்துவிடுகிறார்கள். தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேட்டன் நிறுவனம் திட்டத்தை அறிவித்தது 1952. நெடுஞ்சாலைச் சட்டம் கையெழுத்தானது 1956 ஜூன் கடைசியில். அப்போது திறப்புக்கு மூன்று மாதம் சொச்சம்தான் பாக்கி. சவுத்டேலுக்கு இரண்டும் காரணமாக முடியாது. அதன் பிறகு நாடு முழுக்க வந்த மால் அலைக்கு இரண்டும் காரணம். முதல் சில ஆண்டுகளில் தேய்மானத்தை அதிகமாகக் கழித்து, காகிதத்தில் நஷ்டம் காட்டி வரியை மிச்சம் பிடிக்கலாம். அப்புறம் விற்றுவிட்டு அடுத்ததைக் கட்டலாம். பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பதைவிடப் புறநகரில் புதிதாகக் கட்டுவது லாபமாகிப்போனது.

பரப்பளவுக்கு வருவோம். மொத்தக் கட்டடப் பரப்பு வேறு, வாடகைக்கு விடும் பரப்பு வேறு. பின்னதில் நடைபாதை, முற்றம், இயந்திர அறை சேராது. முதலில் எந்த ஆண்டின் எண், எந்த வகைப் பரப்பு என்று பாருங்கள். 1972ல் ஜே.சி. பென்னி சேர்ந்தது, 1990ல் டேட்டன்ஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பின்னால் வந்த எண்ணை 1956க்கு ஒட்டினால் எல்லாம் கோணலாகிவிடும். திறப்பின்போது 72 கடைகள், ஏறத்தாழ 8 லட்சம் சதுர அடி, 5,200 கார்களுக்கு இடம், செலவு 2 கோடி டாலர். ஆயிரம் சதுர அடிக்கு 6.5 கார். 1960களில் பொதுவாகச் சொன்ன அளவு 5.5, ஆகவே எண்கள் பொருந்துகின்றன. இந்த வகுத்தலைப் போட்டு 2 அல்லது 12 வந்தால் ஏதோ ஒரு எண் தவறு.

பழைய_வரைபடம்:
அருமை. க்ரூயன் பின்னாளில் மால்களையே கைகழுவிவிட்டார் என்பது உண்மையா? 463 ஏக்கர் என்கிற எண்ணும் கண்ணில் படுகிறது, அது மாலுக்கு மட்டும் ரொம்ப அதிகமாகத் தெரிகிறதே?

செங்கல்_சிமெண்ட்:
இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். 463 ஏக்கர் என்பது முழுத் திட்ட நிலம். வியன்னாக்காரரான க்ரூயன் அங்கே வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் சேர்ந்த ஒரு ஊரையே வரைந்திருந்தார். மால் அதன் நடு. கட்டி முடித்தது மாலைத்தான். சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறியது, அவர் வரைந்தபடி ஊர் வரவில்லை. 1968ல் வியன்னா திரும்பினார். 1978ல் லண்டனில் பேசியபோது, முறைகேடாகப் பிறந்த இந்தக் கட்டடங்களுக்கு நான் ஜீவனாம்சம் கட்ட மாட்டேன் என்ற பொருளில் சொன்னார். 1980ல் இறந்தார். வந்த வேலையை மறந்து கடை கடையாகச் சுற்ற வைப்பதற்கு 'க்ரூயன் டிரான்ஸ்ஃபர்' என்று பேர் வைத்திருக்கிறார்களே, அதை அவர் திட்டமாக எழுதிவிடாதீர்கள். அவர் பேர் அதில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மாடிப்படி:
பெயர் மாற்றங்களையும் கவனியுங்கள். டேட்டன்ஸ் 2001ல் மார்ஷல் ஃபீல்ட்ஸ் ஆனது, 2006ல் மேசீஸ். டொனால்ட்சன்ஸ் 1987ல் கார்சன் பிரி ஸ்காட் ஆனது. 'மூடப்பட்டது', 'பெயர் மாறியது', 'இடம் மாறியது' மூன்றும் வேறு வேறு. இடம் மாறியதைச் சரிபார்க்க மின்னசோட்டா பல்கலைக்கழக வரைபட நூலகத்தின் பழைய வான்படங்கள் உதவும். ஒரே மூலையைப் பத்தாண்டுக்கு ஒன்றாக எடுத்துப் பாருங்கள். புதுப் பகுதி முளைத்தால் அந்தப் பக்கத்துப் பார்க்கிங் கோடுகள் காணாமல் போயிருக்கும்.

முற்றத்தின் படம் போடுவதானால் சிற்பி ஹாரி பெர்ட்டோயாவின் 'தங்க மரங்கள்' சிற்பம் படத்தில் வரட்டும். 1956 முற்றத்தையும் இப்போதைய முற்றத்தையும் ஒப்பிட அதுதான் வசதியான அடையாளம்.