மறு: திகில் படங்களில் வெளிப்படும் சமூக அச்சம் – ‘ஊரச்சம்’ எனலாமா?

வணக்கம். எடுத்தவர் எண்ணாமலேகூடத் திகில் படங்களில் வெளிப்பட்டுவிடும் சமூக அச்சத்துக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனைக்கு என் பதில் இது.

> ‘சமூக அச்ச உருவகம்’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் உருவகம் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. உருவகம் ஒருவர் தெரிந்தே செய்வது. முகத்தை நிலவாக்கி ‘முகமதி’ என்று எழுதுகிற புலவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். நாம் பேர் தேடுவது அப்படிப்பட்ட ஒன்றுக்கு இல்லை. இயக்குநர் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தில் இரவு முழுக்க, எழுந்து நடமாடும் பிணங்களிடமிருந்து தப்பிப் பிழைத்த கறுப்பின நாயகனை, விடிந்ததும் வருகிற துப்பாக்கிக் கும்பல் இவனும் பிணம்தான் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அப்புறம் கொக்கிகளோடு வந்து உடலை எடுத்துப்போய் எரிப்பதை, நாளிதழில் அச்சான படங்கள் மாதிரி, அசையாத புகைப்படங்களாக ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டு. கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் கூடிக் கொன்றதெல்லாம் பார்த்தவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, வந்தவர்களில் அவர்தான் நன்றாக நடித்தார் என்றே ரொமேரோ சொல்லிவந்தார். எடுத்தவர் எண்ணாமலே படத்துக்குள் வந்துவிட்டதை உருவகம் என்று எப்படிச் சொல்வது?

‘குறியீடு’ இன்னும் பொருந்தாது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா சோதனைக்காக வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய சூரை மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘காட்ஸில்லா’, கடலில் ஒளி வெடித்து ஒரு கப்பல் எரிவதோடுதான் தொடங்குகிறது. ரயிலில் போகிற ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பியதே பெரிது, இப்போது இதுவா என்கிறாள். படத்தில் கடலிலிருந்து எழுந்து வரும் ராட்சத மிருகத்தின் தோலையே அணுகுண்டில் வெந்தவர்களின் தழும்பு போலச் செய்திருந்தார்கள். இத்தனை அருகில் இருப்பதைக் குறியீடு என்றால் விஷயம் நீர்த்துப்போகும்.

அதனால் என் பரிந்துரை ‘ஊரச்சம்’. ஊர் என்றால் சிற்றூர்தானே, ஒரு நாட்டின் அச்சத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நாடு முழுவதையும் பூட்டியபோது ஊரடங்கு என்றுதானே சொன்னோம், யாருக்கும் குழம்பவில்லையே. முன்பு இங்கே, ஒரு காலத்தின் அச்சம் என்ற பொருளில் வந்த ‘காலவச்சம்’ அழகான சொல்தான், ஆனால் கேட்டவுடன் எமபயம் என்று தோன்றுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. மனிதர்களின் இடத்தை அவர்களைப் போலவே இருக்கும் நகல்கள் பிடித்துக்கொள்ளும் ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’ (1956) படம் கம்யூனிஸ்டுகளைப் பற்றியது என்பார்கள், இல்லை, கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்தவர்களை அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தி வேட்டையாடியதைப் பற்றியது என்றும் பார்ப்பார்கள். கருத்தைத் தேடினால் இந்த வழக்கு தீராது. அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் அதே முகத்தோடு வேறு ஆளாக நின்றால் என்ன செய்வது என்ற ஊரச்சம் இரண்டு தரப்புக்கும் பொது.

அந்த அச்சம் எடுக்கிற வடிவத்தை, அதாவது மிருகத்தையோ பிணத்தையோ, ‘அச்சவுரு’ எனலாம். ‘ஊரச்சப் படம்’ என்று ஒரு வகையாகவே ஆக்குவதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது, ஏனென்றால் திகில் அல்லாத படங்களிலும் இது இருக்கும். அதைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும்.