மறு: டிராவர்டைனுக்குத் தமிழ் – காரையா, படிவா, உப்புப்பூவா?

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாள் மடல் பார்க்கவில்லை, அதற்குள் வெந்நீரூற்றுக் கல்லான டிராவர்டைனுக்கும் அதைச் சேர்ந்த சொற்களுக்கும் தமிழ் தேடும் நம் இழை இவ்வளவு நீண்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

> சுண்ணப்படிவு என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. ஆனால் கடலடியில் சிப்பி சேர்ந்து இறுகிய சுண்ணாம்புக் கல்லும் சுண்ணப்படிவுதான், குகைக் கூரையில் தொங்கும் விழுதும் சுண்ணப்படிவுதான். நமக்கு வேண்டியது வெந்நீர் ஊற்றின் வாயிலும் அது வழிந்தோடும் சரிவிலும் படிகிற கல்லுக்கு ஒரு பெயர். டிராவர்டைன் என்ற பெயரில் எந்த உதவியும் இல்லை. ரோமுக்குப் பக்கத்தில் உள்ள திவோலியின் பழைய பெயர் திபூர். 'திபூர்க் கல்' என்பதுதான் தேய்ந்து இப்படி ஆனது. கொலோசியம் கட்டிய கல் அது. ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க முடியாது, அதனால் கல் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்துதான் சொல் எடுக்கவேண்டும்.

> உப்புப்பூ? சுவரில் உப்புப் பூப்பது போலத்தானே இதுவும்.

அழகான சொல், ஆனால் வேலை வேறு. சுவரில் நீர் ஆவியாகி உப்பு மிஞ்சுகிறது. இங்கே ஆவியாவதற்குப் பெரிய பங்கு இல்லை. ஆழத்தில் கரியமில வாயு நிறைந்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வெளியே வந்ததும் அழுத்தம் குறைகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு பறந்துவிடுகிறது. வாயு போனபின் சுண்ணாம்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்க நீரால் முடியாது, கல்லாகப் படிந்துவிடுகிறது. துருக்கியில் தெனிஸ்லிக்குப் பக்கத்தில் உள்ள பாமுக்கலே அப்படி வெளுத்த மலைச்சரிவு. அந்தப் பெயருக்குத் துருக்கிய மொழியில் பஞ்சுக்கோட்டை என்று பொருள். ஏறத்தாழ 200 மீட்டர் உயர மேட்டிலிருந்து, 35 டிகிரி அளவில் இளஞ்சூடான நீர் வழிகிறது.

அதனால்தான் ஊற்றுக்காரை என்று முன்மொழிந்தேன். "காரை என்றால் வீட்டுப் பூச்சு என்று நினைப்பார்கள்" என்று கட்டடத் துறை நண்பர் எழுதியிருந்தார். நினைக்கட்டும், அதுவும் சுண்ணாம்புதானே! ஆனால் நான் எடுத்தது பற்காரையிலிருந்து. பல்லில் யாரும் காரை பூசுவதில்லை; வாயில் ஊறும் நீரிலிருந்து அதுவாகப் பிடிக்கிறது. ஊற்றின் வாயிலும் அப்படியே.

துஃபா என்ற இன்னொரு சுண்ணக் கல்லுக்கு நீண்ட வாதம் வேண்டாம். குளிர்ந்த நீரில் பாசி, தண்டு, இலை மேல் படிந்து துளைதுளையாக இருப்பது, துளைக்காரை போதும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் பீறிட்டு எழும் 'ஓல்டு ஃபெயித்ஃபுல்' வெந்நீரூற்றின் வாயைச் சுற்றி இருப்பது மணலில் உள்ள சிலிக்கா, சுண்ணாம்பே அல்ல. வாயு போவதால் அல்ல, முக்கியமாக நீர் ஆறுவதால் படிவது. அதற்குக் காரை என்ற சொல்லே கூடாது. சிலிக்காப் பொருக்கு என்று வைப்போம்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன்: ஊற்று நீர் மேலே வரும் 'ஃபிஷர்' (fissure) என்பதற்கு என்ன பெயர்?

> வெடிப்பு என்பதை ஏன் ஒதுக்குகிறீர்கள்? கரிசல் வெடிப்பு, பித்தவெடிப்பு என்று மக்கள் நாவில் இருக்கும் சொல்.

ஒதுக்க மனம் வரவில்லை அம்மா. ஆனால் வெந்நீர் ஊற்று உள்ள இடங்களில் நீராவி உண்மையாகவே வெடித்துப் பாறையைத் தூக்கி எறிவதும் உண்டு. ஒரே பத்தியில் இரண்டு வெடிப்பும் வந்தால் மாணவர் பாடு திண்டாட்டம். பிளவு என்றும் சொல்ல வேண்டாம். பிளவுப்பெயர்ச்சி ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதில் பாறை ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் பெயர்கிறது. நாம் பெயர் தேடுவது இரு பக்கமும் விலகி வாய் திறக்கும் கோட்டுக்கு. விரிசல் என்றால் விரிதல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பாமுக்கலே பகுதியில் நிலம் இழுபட்டு விரிகிறது. பிளவுப்பெயர்ச்சிக் கோடுகள் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளிகளில் பாறை நொறுங்கி, நீர் ஏற வழி கிடைக்கிறது. விரிசலிலிருந்து பொங்கும் நீர் இருபுறமும் வழிந்து அடுக்கடுக்காகக் காரையை இடுகிறது. கொஞ்ச காலத்தில் நீளமான, ஒடுங்கிய மேடு எழும்பி, அதன் உச்சியில் நெடுக விரிசல் ஓடும். இதைத்தான் விரிசல் வரப்பு என்கிறேன். 'மேடு' என்றால் அந்த நீளவாக்கு கிடைக்காது.

விரிசலுக்கு உள்ளேயும் காரை பிடிக்கிறது, சுவரை ஒட்டிச் செங்குத்துப் பட்டைகளாக. இப்படி ஊற்று தன் தொண்டையைத் தானே அடைத்துக்கொள்கிறது. நிலநடுக்கம் வந்து உலுக்கினால் மறுபடி திறக்கும், புதுப் பட்டை தொடங்கும். பொதுவாக ஓரத்துப் பட்டை பழையது, நடுவில் இருப்பது புதியது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரைவது அரிது; கல்லில் சேர்ந்த யுரேனியம்தான் மெல்லச் சிதைந்து தோரியமாகிறது. ஆகவே கல்லில் உள்ள தோரியத்தை அளந்தால் ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகள் வரை பட்டையின் வயதைச் சொல்லலாம். விரிசல் எந்த வேகத்தில் விரிந்தது என்பதும் அதிலிருந்து கிடைக்கும். ஒவ்வொரு பட்டையும் ஒரு நிலநடுக்கம் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். மழை கூடிய காலம், குறைந்த காலம் என்று நீர்வரத்தும் மாறும்.

1959 ஆகஸ்டில் பக்கத்தில் நடந்த ஹெப்கன் ஏரி நிலநடுக்கத்துக்குப் பின் யெல்லோஸ்டோனில் நூற்றுக்கணக்கான ஊற்றுகள் குணம் மாறின. சில கலங்கின, அதுவரை சும்மா இருந்தவை பீறிட்டன. பாமுக்கலே மேட்டின்மேல் இருந்த ஹியராபொலிஸ் நகரமோ கி.பி. 60-லும் ஏழாம் நூற்றாண்டிலும் நிலநடுக்கத்தில் இடிந்தது. அங்கே பெயர்ச்சிக்கோட்டின் மேலேயே கோயில் கட்டி, கரியமில வாயு கசியும் பொந்தைப் பாதாள வாசல் என்று வணங்கியிருக்கிறார்கள். அதில் சிட்டுக்குருவிகளை விட்டதும் அவை செத்து விழுந்ததைப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்தார்.

1999-இல் நிலவியலாளர் பால் ஹான்காக்கும் அவருடன் ஆய்ந்தவர்களும், காரையைக் கொண்டு பெயர்ச்சிக்கோட்டை அறியும் இந்த ஆய்வுமுறைக்கு 'டிராவிடோனிக்ஸ்' என்று பெயரிட்டார்கள். தமிழ் எழுத்தில் பார்த்தால் கண் திராவிடம் என்றே படிக்கிறது, வீண் வம்பு. காரைவழிப் பெயர்ச்சியாய்வு என்றால் போதாதா?

வெந்நீரூற்று, வெப்ப நீரூற்று இரண்டில் எது என்று கேட்டவருக்கு: திருகோணமலைப் பக்கம் கன்னியாவின் ஏழு கிணறுகளை மக்கள் வெந்நீரூற்று என்றே சொல்கிறார்கள். அதை மாற்ற நாம் யார்.

மிச்சம் ஒன்று. பாமுக்கலேயில் படிப்படியாக விளிம்பு கட்டி நீர் தேங்கும் அந்தச் சிறு குளங்களுக்கு என்ன சொல்வது? வரப்போடு சேர்த்துப் பாத்தி என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும் என்று அப்பா சிரித்தார். உழவு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.