வயித்துப்போக்கு, காய்ச்சலுக்கு அப்புறம் ரெண்டு வயசு பாப்பா சாப்பிடவே மாட்டேங்குறா, எடை எப்படி ஏத்துறது?

பாலக்கோடு_அம்மு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க ஊரு பாலக்கோடு பக்கம். பாப்பாவுக்கு போன மாசம்தான் ரெண்டு வயசு முடிஞ்சுது, முடிஞ்ச கையோட காய்ச்சல், வாந்தி, தண்ணி தண்ணியா வயித்தால போகறதுன்னு ஆரம்பிச்சு தர்மபுரியில ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்து ட்ரிப்ஸ் ஏத்தி தூக்கினு வந்தோம். இப்போ காய்ச்சல் சுத்தமா இல்ல, மோஷனும் சரியாயிடுச்சு, விளையாடவும் செய்யறா. ஆனா சாப்பாடு மட்டும் கிட்டவே கொண்டு போக முடியல. கிண்ணத்துல ஸ்பூன் படுற சத்தம் கேட்டாலே கதவு சந்துல போய் நின்னுக்கறா. முன்னாடி 10.8 கிலோ இருந்தா, இப்போ 9.6. அரைஞாண் கயிறு லூசாகி கீழ இறங்குதுன்னு இன்னொரு முடிச்சு போட்டு விட்டிருக்கேன், அதைப் பாக்கும்போதெல்லாம் அழுகையா வருது.

பால் மட்டும் குடிக்கிறா. அதையாவது குடிக்கட்டும்னு பாட்டில்ல நாலஞ்சு தடவை குடுக்கறோம், நடுவுல ரெண்டு பிஸ்கட், அவ்ளோதான். டிஸ்சார்ஜ் பண்ணும்போது என்ன குடுக்கலாம்னு கேட்டதுக்கு "எல்லாம் குடுக்கலாம்மா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. மாமியார் தொக்கம் விழுந்திருக்கும் (சாப்பிட்டது உள்ள சிக்கிக்கிச்சுன்னு சொல்வாங்களே அது), எடுத்துனு வரலாம்னு சொல்றாங்க. வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு பசி டானிக் ஒண்ணு பேர் எழுதிக் குடுத்திருக்காரு, மெடிக்கல்ல கேட்டா சீட்டு இல்லாமலே தர்றேங்கறாங்க. பக்கத்து வீட்டுல டப்பா பவுடர் வாங்குங்கறாங்க. எதைத்தான் கேக்கறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அரூர்_நர்ஸக்கா:

அம்மு, நான் அரூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸ். முதல்ல எடை விஷயம். ரெண்டு வயசு பொண்ணுக்கு சராசரி பதினொன்றரை கிலோ, 9-க்கு கீழ இறங்குனாதான் எடைக்குறைவுன்னு கணக்கு. 9.6 கம்மிதான், இல்லன்னு சொல்லல, ஆனா சிவப்புக் கோட்டுல நிக்கல. அதனால அழுகையை நிறுத்திட்டு இதைப் படி.

நோய் வந்து போன உடம்புல பசி உடனே வராது. குடலோட உள் சவ்வு அரிச்சு போயிருக்கும், அது திரும்ப வளரணும், ஆன்டிபயாடிக் குடுத்திருந்தா வாயில ருசியும் இருக்காது. பொதுவா ரெண்டு மூணு வாரத்துல தானா வரும், வந்ததுக்கப்புறம் சிலது வீட்டையே சாப்பிடற அளவுக்கு கேக்கும், அப்போ குடுக்கறதுக்கு ரெடியா இருக்கணும். ஆனா உங்க வீட்டுல அந்தப் பசி வர்றதுக்கே வழி இல்ல, ஏன்னா பால். நாலஞ்சு பாட்டில்னா ஒரு லிட்டர் கிட்ட வருது. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 400லேர்ந்து 500 மில்லி போதும். மாட்டுப்பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி, பாலே குடிச்சு வளர்ற குழந்தைக்கு ரத்தம் குறையும், ரத்தம் குறைஞ்சா பசி இன்னும் குறையும். பாட்டிலை எடுத்துடு, டம்ளர்ல குடு, அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம், முன்னாடி இல்ல. ரெண்டு நாள் வீட்டை ரெண்டாக்குவா, தாங்கிக்கோ. பால் குடிச்சதும் புளிச்ச வாடையோட தண்ணியா போகுது, பின்பக்கம் செவந்து போகுதுன்னா கொஞ்ச நாளைக்கு பாலுக்குப் பதிலா தயிர் குடு, வயித்துப்போக்குக்கு அப்புறம் சில குழந்தைக்கு பால் சேராம இருக்கும், அது தற்காலிகம்தான்.

அடுத்தது ஜிங்க் குடுத்தாங்களா? ORS கூட 20 மில்லிகிராம் மாத்திரை, ஸ்பூன் தண்ணியில கரைச்சு குடுக்கறது. 14 நாள் முழுசா குடுக்கணும், மோஷன் நின்னுடுச்சேன்னு பாதியில நிறுத்தறவங்கதான் ஜாஸ்தி. அட்டையை எடுத்துப் பாரு, மீதி இருந்தா நீ பாட்டுக்கு ஆரம்பிக்காம டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடு.

பசி டானிக் பத்தி கேட்டியே, அந்த மாதிரி நிறைய டானிக்ல சைப்ரோஹெப்டடின்னு ஒரு மருந்து இருக்கும். அடிப்படையில அது அலர்ஜி மருந்து, குழந்தை தூங்கி வழியும், நிறுத்துனா பசியும் போயிடும். சீட்டு இல்லாம தர்றாங்கன்னா அந்தக் கடையில அதை வாங்காத, அவ்ளோதான் சொல்வேன்.

காவேரிப்பட்டணம்_பெரியம்மா:

ஏம்மா பசங்களா, டானிக்கும் வேணாம் டப்பாவும் வேணாம், கேவுரு, அதான் ராகி, இருக்கும்போது என்னத்துக்கு? எங்க பேரனுக்கும் இப்படித்தான் ஆயி வத்தலும் தொத்தலுமா கெடந்தான். கேவுரை நல்லா கல்லு மண்ணு இல்லாம அலசி ராத்திரி ஊற வெச்சுரு, காலையில வடிச்சு வெள்ளைத் துணியில மூட்டை கட்டி தொங்க வுடு, மேல அப்பப்போ தண்ணி தெளி, மறுநாள் முளை எட்டிப் பாக்கும். நெழல்ல காய வெச்சு மில்லுல குடுத்து அரை. ஒரு வயசுக்குள்ள புள்ளைக்குன்னா பாலெடுத்து காய்ச்சணும், உன் புள்ளைக்கு மாவாவே காய்ச்சலாம், சக்கையோட.

ஒண்ணு கேளு, கஞ்சின்னா தண்ணியாட்டம் கரைச்சு ஊத்தறாங்க பாரு, அதுல ஒண்ணுமே இல்ல, புள்ளை மூத்தரமா போயிடும். கரண்டியில எடுத்தா வழுக்கி விழாம நிக்கணும். நெய் ஊத்து, வெல்லம் போடு, நெலக்கடலையை வறுத்து தோல் ஊதிட்டு நைசா பொடி பண்ணி ஒரு ஸ்பூன் போடு. முழுக்கடலை மட்டும் கையில குடுத்துடாத, புரை ஏறும்.

அப்புறம் தொக்கம் எடுக்கறதுல என்ன தப்பு? நாங்கெல்லாம் அப்படித்தான வளர்ந்தோம். உங்க மாமியா சொல்றதையும் கேளு.

அரூர்_நர்ஸக்கா:

பெரியம்மா, உங்க கேவுரு பக்குவத்துக்கு நான் அடிமை, ஆனா தொக்கத்துக்கு ஒத்துக்க மாட்டேன். சண்டைக்கு இல்ல, கேளுங்க. சாப்பிட்டது உணவுக்குழாயில வாரக்கணக்கா ஒட்டிக்கிட்டு நிக்காது. நிஜமாவே அடைச்சிருந்தா எச்சில் கூட முழுங்க முடியாம வழிஞ்சுட்டே இருக்கும். மூச்சுக்குழாய்ல போயிருந்தா இருமல், மூச்சு இழுப்புன்னு தெரிஞ்சுடும், அது அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ். அவங்க வயித்தை நீவி, ஊதி, தொண்டையில விரலை விட்டு, கடைசில உள்ளங்கையில ஒரு கறித்துண்டை காட்டுவாங்க. அந்தக் குழந்தை மாசக்கணக்கா கறியே சாப்பிட்டிருக்காது, அதை யாரும் கேக்கறதில்ல. தொண்டையில நகம் பட்டு புண்ணாகி, வாந்தி புரை ஏறி நெஞ்சுல சளி கட்டி வர்ற குழந்தைங்களை நாங்க பாக்கறோம். எடுத்ததுக்கு அப்புறம் சாப்பிடறான்னு சொல்றீங்களே, பசி அந்த நேரத்துக்கு தானாவே வந்திருக்கும் பெரியம்மா.

அம்மு, மாமியார்கிட்ட எதிர்த்துப் பேசாத. "டாக்டர் ஒரு மாசம் பொறுக்கச் சொன்னாரு அத்தை"ன்னு சொல்லு, அதுக்குள்ள புள்ளை சாப்பிட ஆரம்பிச்சுடும்.

முளைகட்டுன மாவுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. முளைவிடும்போது அமைலேஸ்ங்கற என்சைம் வரும், அது மாவுச்சத்தை உடைக்கும். வறுக்காம அரைச்ச முளைகட்டுன மாவு ஒரு சின்ன ஸ்பூன் தனியா வெச்சுக்கோ. சாதாரண ராகி மாவையோ சத்துமாவையோ நல்லா கெட்டியா காய்ச்சி இறக்கி, கை பொறுக்கற சூடு வந்ததும் இதைத் தூவி கலக்கு, கொஞ்ச நேரத்துல கண்ணு முன்னாடியே இளகி ஊத்தற பதத்துக்கு வரும். திரும்ப ஒரு கொதி விட்டு ஆறவெச்சு குடு. குழந்தைக்கு முழுங்க ஈஸி, ஆனா உள்ள போற மாவு ரெண்டு மடங்கு. நெய்யோ எண்ணெயோ ஒரு டீஸ்பூன் போட்டா 40, 45 கலோரி கூட சேருது. நாலு ஸ்பூனுக்கு மேல சாப்பிட மாட்டேங்குற புள்ளைக்கு அந்த நாலு ஸ்பூன்லதான் எல்லாத்தையும் அடக்கணும்.

ஓசூர்_ஷிஃப்ட்அப்பா:

நான் ஓசூர்ல கம்பெனி வேலை, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து காலைல பையனுக்கு ஊட்டறது என் டிபார்ட்மெண்ட், அதனால அம்மாங்க கூட்டத்துல நானும் ஒரு வார்த்தை. சமையலை விட ஊட்டற விதம்தான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். மூக்கைப் பிடிச்சு, காலுக்கு நடுவுல படுக்க வெச்சு, போன்ல ரைம்ஸ் போட்டு அது வாயைத் திறக்கற நேரம் பாத்து திணிக்கறதுன்னு நம்ம ஊர்ல நடக்கறது எல்லாம் குழந்தைக்கு சாப்பாடுன்னா பயம்னு சொல்லிக் குடுக்கறதுதான், உங்க பாப்பா கதவு சந்துல நிக்கறது பசி இல்லாததால மட்டும் இல்லங்க, ஆஸ்பத்திரியில மருந்து ஊத்தினதும் அதே ஸ்பூன்தான?

அதனால கொஞ்ச நாளைக்கு அந்த ஸ்பூன், அந்தக் கிண்ணம் ரெண்டையும் கண்ணுல காட்டாதீங்க. நீங்க சாப்பிடும்போது பக்கத்துல உக்கார வெச்சு அவளுக்கு தனி தட்டு போடுங்க. எங்க வீட்டுல களி கிண்டுற அன்னைக்கு கோலிக்குண்டு சைசுல சின்னச் சின்ன உருண்டையா பிடிச்சு கீரைக் கடைசல்ல நெய் விட்டு தட்டுல வெச்சுடுவோம், அவனே எடுத்து முகம், தலை, பனியன் எல்லாம் பூசிக்கிட்டு பாதி உள்ள தள்ளுவான். காரக்குழம்புல தொட்டுக் குடுக்காதீங்க, வாய்ப்புண்ணு இருந்தா எரியும். இருபது இருபத்தஞ்சு நிமிஷம், சாப்பிட்டா சரி, இல்லனா தட்டை எடுத்துடுங்க, திட்டவும் வேணாம் கொஞ்சவும் வேணாம். அடுத்த வேளைக்கு நடுவுல பிஸ்கட் மட்டும் குடுத்துடாதீங்க. பிஸ்கட்தான் நம்ம வீட்டு வில்லன், ஆனா பாட்டிங்க பையில எப்பவும் ஒரு பாக்கெட் இருக்கும்.

ஊத்தங்கரை_அங்கன்வாடி:

நான் அங்கன்வாடி பணியாளர். அம்மு, உங்க ஊர் சென்டருக்கு பாப்பாவ தூக்கினு போங்க, வெளிய மெடிக்கல் ஷாப் மெஷின்ல செருப்பு, ஜட்டியோட நிறுத்தி பாக்கற எடையை நம்பாதீங்க. அங்க எடை, உயரம் ரெண்டும் பாத்து கார்டுல புள்ளி வெச்சுத் தருவாங்க. கைச்சுற்றளவு டேப்பும் இருக்கும், இடது மேல்கையில நடுவுல சுத்துனா 12.5 சென்டிமீட்டருக்கு மேல பச்சை. 11.5க்கு கீழ போனா சிவப்பு, அப்படின்னா வீட்டு வைத்தியம் கதைக்கு ஆகாது, அரசு ஆஸ்பத்திரியில ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துல சேர்த்துப் பாக்கணும். எடை தினமும் போடாதீங்க, வாரம் ஒருக்க அதே மெஷின்ல போதும். இந்த வயசுல சாதாரணமாவே மாசத்துக்கு 200 கிராம் பக்கம்தான் ஏறும், நோய்ல போனது அதை விட வேகமா திரும்பும், ஆனா ஒரே வாரத்துல வராது.

சத்துமாவு பாக்கெட் வாங்கறீங்களா? நெறைய பேர் வாங்கினு போய் மாட்டுக்கு கரைச்சு ஊத்தறாங்க, வயிறு எரியுது எங்களுக்கு. முளைகட்டுன ராகி, கோதுமை, கடலைமாவு, வெல்லம் எல்லாம் சேர்ந்தே வருது, தனியா சக்கரை போட வேணாம். கஞ்சி பிடிக்கலனா உருண்டை, அடை, கொழுக்கட்டைன்னு மாத்திக் குடுங்க. பூச்சி மாத்திரையும், ஆறு மாசத்துக்கு ஒருக்க குடுக்கற வைட்டமின் ஏ சொட்டும் விட்டுப் போச்சான்னு கார்டைப் பாத்து கேளுங்க. கிராம நர்ஸ்கிட்ட இரும்புச்சத்து சிரப் வாங்கிக்கலாம், வாரம் ரெண்டு தடவை 1 மில்லி, அதோட பால் குடுக்காதீங்க.

தண்ணி எது குடுக்கறீங்க? நம்ம பக்கம் போர் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி, அது கொதிக்க வெச்சா போகாது. ஒகேனக்கல் தண்ணி பைப்புல வருதுன்னா அதைப் பிடிச்சு கொதிக்க வெச்சு ஆறவெச்சு குடுங்க.

பாலக்கோடு_அம்மு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பாட்டிலை எடுத்து பரண்ல போட்டாச்சு, முதல் நாள் ராத்திரி எங்க யாரையும் தூங்க விடல. சென்டர்ல கை சுத்து 13 வந்துச்சு, டீச்சர் பச்சைன்னு காட்டினாங்க. நேத்து மதியம் மாமியார் செந்தூரா மாம்பழம் நறுக்கினு இருந்தாங்க, இவளா போய் ஒரு துண்டை எடுத்து சூப்பினு இருந்தா, அப்படியே தயிர்சோறு ஒரு கை வெச்சேன், நாலு வாய் போச்சு. தொக்கம் பேச்சு இப்போதைக்கு நின்னிருக்கு. ரெண்டு டவுட்டு. முட்டை எப்படி குடுக்கறது? அப்புறம் நர்ஸக்கா, எது எது வந்தா திரும்ப டாக்டர்கிட்ட ஓடணும்?

அரூர்_நர்ஸக்கா:

முட்டை தினம் ஒண்ணு, நல்லா வெந்ததா. ஆஃப் பாயில் வேணாம். மஞ்சக்கருவை மசிச்சு நெய்சோத்துல கலந்துடு. கறி சாப்பிடற வீடுன்னா கோழி ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) நல்லா வேகவெச்சு மசிச்சு வாரம் ஒரு நாள் குடு, மேல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் பிழி, இரும்புச்சத்து உடம்புல ஒட்டும். இன்னும் ஒரு ரெண்டு வாரத்துக்காவது வழக்கத்தை விட ஒரு வேளை கூட சேர்த்துக் குடு, மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு தடவை சின்னதா.

காய்ச்சல் திரும்ப வந்தா, மோஷன்ல ரத்தம் வந்தா, ஆறு மணி நேரமா மூத்தரம் போகலனா, விளையாடாம சுருண்டே படுத்தா, குடிச்சதெல்லாம் வாந்தி எடுத்தா அன்னைக்கே போயிடு. கால் பாதத்துல விரலை வெச்சு அழுத்துனா குழி விழுதுன்னாலும் அப்படித்தான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தாலோ, வீட்டுல யாருக்காவது டிபி மருந்து ஓடுதுன்னாலோ அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு. இது எதுவுமே இல்ல, ஆனா மூணு நாலு வாரம் ஆகியும் எடை அப்படியே நிக்குது இல்ல இறங்குதுன்னா அப்பவும் காட்டிடு, ரத்தம், யூரின் டெஸ்ட் பாப்பாங்க. ராத்திரியில சந்தேகம்னா 104-க்கு போன் போட்டு கேளு, அவசரம்னா 108.

பாலக்கோடு_அம்மு:

சரிங்க அக்கா, எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிக்கிறேன். பெரியம்மா, அந்த முளைகட்டுன மாவு எத்தனை நாள் தாங்கும்? ஒரு படி போட்டுடலாமா?

காவேரிப்பட்டணம்_பெரியம்மா:

ஒரு படி எதுக்குடி, அரைப்படி போடு போதும். ஈரம் கொஞ்சம் நின்னாலும் பூசணம் வாடை அடிக்கும், வாயில போட்டு கடிச்சா நறுக்குனு ஒடையணும், அதுக்கப்புறந்தான் மில்லுக்கு எடுத்துனு போ. மில்லுல மொளகா அரைச்ச கையோட உன் மாவைப் போட்டுடப் போறான், முன்னாடி யாரு என்ன அரைச்சாங்கன்னு கேட்டுட்டு குடு. ஆறுனதும் எவர்சில்வர் டப்பாவுல அடைச்சு வெய்யி, ஈரக்கரண்டி போடாத. மாசத்துக்குள்ள தீத்துடு.