இலவசமாகக் கொடுத்த நிரல், அழிக்கப்பட்ட பெயர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செமிகோலன்:
தேதிகளைப் பிரித்தெடுக்கும் ஒரு சின்ன பைத்தான் லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் துண்டு நிரல்) என்னுடையது. எம்ஐடி லைசென்ஸ். யாரும் எடுக்கலாம், விற்கலாம், எனக்குப் பணம் வேண்டாம். ஒரு கம்பெனியின் மென்பொருளை நிறுவியபோது ஃபோல்டரில் பழகிய கோப்புப் பெயர் கண்ணில் பட்டது. திறந்தேன். 'இதைத் தொடாதே, ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியவில்லை' என்று ஒரு நள்ளிரவில் நிரலுக்குள் நான் எழுதிய குறிப்பு, அந்தக் கமெண்ட், அப்படியே இருக்கிறது. 'ரிசீவ்' (receive) என்பதில் ஐ-யும் (i) ஈ-யும் (e) இடம் மாறிய என் எழுத்துப்பிழை ஆறு இடத்திலும் இருக்கிறது. உச்சியில் என் பெயர் இருந்த வரி மட்டும் இல்லை. அங்கே அவர்கள் பெயர், 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை'.

மெயில் போட்டேன். 'நெட்டில் இலவசமாகக் கிடைத்தது' என்று ஒற்றை வரிப் பதில். அடுத்த அப்டேட்டில் கமெண்டைக் காணோம், எழுத்துப்பிழையையும் திருத்திவிட்டார்கள். பெயர் வரவில்லை. எடுத்ததுகூடப் பரவாயில்லை, அந்தத் திருத்தம்தான் உறுத்துகிறது.

ராத்திரி பில்ட்:
எம்ஐடி போட்டுவிட்டுப் புலம்பி என்ன பயன்? நிரலை விநியோகிப்பவர் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும் என்கிற ஜிபிஎல் லைசென்ஸைப் போட்டிருக்க வேண்டும். நான் வாங்கிய ரவுட்டர் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு: 'மூலநிரல் வேண்டுவோர் எழுதிக் கேட்கலாம்'. ஜிபிஎல் 2-இன்படி அந்த வாக்குக் குறைந்தது 3 வருடம் செல்லும். கேட்டேன். நாலு மாதம் கழித்து ஒரு ஜிப் வந்தது. உள்ளே எங்கும் கிடைக்கிற அதே லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). அவர்கள் மாற்றிய கோப்பு ஒன்றுகூட இல்லை, கம்பைல் செய்யும் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும்) ஸ்கிரிப்ட்டும் இல்லை. அந்த ஸ்கிரிப்ட்டும் மூலநிரலில் சேர்த்தி என்று லைசென்ஸிலேயே இருக்கிறது!

சின்ன ரயில்:
ராத்திரி பில்ட், ஜிபிஎல் இருந்தும் உங்களுக்குக் கிடைத்தது அந்த ஜிப்தானே? எம்ஐடியிலும் நிபந்தனை உண்டு. காப்பிரைட் வரியும் அனுமதி வாசகமும் எல்லா நகல்களிலும் இருக்க வேண்டும். பொம்மை ரயில் ஓட்டும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருள் விஷயத்தில் இதே கதைதான்: கோப்புகளை எடுத்தார்கள், ஆசிரியர் பெயரும் காப்பிரைட் குறிப்பும் இல்லை. அங்கே இருந்தது ஆர்ட்டிஸ்டிக் என்ற இன்னொரு இலவச லைசென்ஸ். கீழ் நீதிமன்றம் இது வெறும் ஒப்பந்தப் பிரச்சினை என்றது. 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், நிபந்தனையை மீறினால் காப்பிரைட் மீறலாகவே வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டது. இலவசம் என்றால் உரிமை இல்லை என்கிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம்:
நான் எடுத்துப் போடும் கம்பெனிப் பக்கத்து ஆள். எங்கள் கருவியின் ஃபர்ம்வேரை (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளை) யாரோ எடுத்து, அதில் புதைந்திருக்கும் எழுத்துகளைக் காட்டும் ஸ்டிரிங்ஸ் கட்டளை கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிஸிபாக்ஸ் என்ற ஜிபிஎல் கருவித் தொகுப்பின் பெயரும் வெர்ஷன் எண்ணும் பளிச்சென்று வந்து விழுந்திருக்கின்றன. கூட்டத்தில் வக்கீல் அம்மா கேட்டார்: "இதை யார் சேர்த்தது?" யாரும் வாய் திறக்கவில்லை. சிப் விற்றவர் கொடுத்த எஸ்டிகேயோடு (மென்பொருள் எழுதத் தரும் தொகுப்போடு) வந்தது, அதை இழுத்துப் போட்டது நான். திருடுகிறோம் என்ற நினைப்பே இல்லை. அன்றைக்கு நான் கை தூக்கவில்லை என்பதுதான் இன்னும் கிடந்து குடைகிறது.

பழைய பேட்ச்:
எனக்கும் ஒருமுறை நடந்தது, பேசித் தீர்த்தோம். செமிகோலன், நீங்கள் செய்ய வேண்டியது: பழைய வெர்ஷனின் இன்ஸ்டாலரை அழிக்காமல் ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எடுத்து வையுங்கள், ஏனென்றால் புது வெர்ஷனில் தடயம் போய்விட்டது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் உங்கள் கிட் வரலாற்றில் அந்தக் கமெண்ட் எந்தத் தேதியில் நுழைந்தது என்று எடுத்து வையுங்கள். வேறு யாராவது அனுப்பிய திருத்தத்தையும் (பேட்ச்) சேர்த்திருந்தால் அந்த வரிகளின் காப்பிரைட் அவர்களுடையது, அவர்களையும் கேளுங்கள். சப்போர்ட் மெயிலுக்கு எழுதிப் பயனில்லை, சட்டப் பிரிவுக்கு எழுதுங்கள். பணம் கேட்காதீர்கள், பெயரை மட்டும் கேளுங்கள். கெடு கொடுங்கள். ஜிபிஎல் 3-இல்கூட முதல்முறை தவறு செய்தவர் அறிவிப்பு கிடைத்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பிவிடும், அதே அளவு வைக்கலாம். அப்புறம், கோபத்தில் ஊரெல்லாம் எழுதாதீர்கள்.

செமிகோலன்:
எழுதிவிட்டேனே, அதுதானே இது! சரி, பழைய இன்ஸ்டாலர் இருக்கிறது. இன்னொன்று: இப்போதைய வெர்ஷனில் தவறான தேதியைக் கொடுத்துப் பார்த்தேன். வந்த எரர் செய்தியில் ஐ-யும் ஈ-யும் இன்னும் இடம் மாறித்தான் இருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.