மின்னிதழ்ப் பயன்பாட்டுக் கணக்கில் எந்த எண்ணைக் கொள்வது?

காரைக்குடி நூலகர்:
எங்கள் கல்லூரி சந்தா கட்டும் ஆய்விதழ்களை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று நிர்வாகம் கேட்கிறது. பதிப்பாளர் தந்த தாளில் ஓர் இதழுக்கு 2 எண்கள் இருப்பதால், எதைக் காட்டிப் புதுப்பிக்கச் சொல்வது என்று விளங்கவில்லை.

தேவகோட்டையிலிருந்து:
அம்மா, அது கவுன்டர் (COUNTER) என்ற, மின்னிதழ்ப் பயன்பாட்டை எண்ணுவதற்கான பொது விதிமுறைப்படி அமைந்த அறிக்கை. 2019-இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஒருவர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையைத் திரையில் முழுமையாகத் திறந்து, பிறகு பிடிஎஃப்பாகவும் இறக்கினால், மொத்தக் கோரிக்கை 2, தனிக் கோரிக்கை 1 என்று பதிவாகும். தனிக் கோரிக்கையையே கொள்ளுங்கள். சந்தாத் தொகையை அதனால் வகுத்தால் ஒரு பயன்பாட்டுக்கான செலவு கிடைக்கும்.

திருப்பத்தூரிலிருந்து:
அதே விதிமுறையிலுள்ள டிஆர் ஜே2 (TR_J2) அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். சந்தா இல்லாததால் திறக்க முடியாமல் திரும்பியவர்களின் கணக்கு அதில்தான் இருக்கிறது. எண் சிறிதென்று மட்டும் இதழை நிறுத்திவிட வேண்டாம். நகரத்தாரின் பர்மா வணிகத்தை ஆராயும் ஒரே மாணவிக்கு அந்த ஓர் இதழே ஆதாரமாக இருக்கலாம்.

காரைக்குடி நூலகர்:
நன்றி ஐயா. இந்த அறிக்கைகளைப் பெறப் பதிப்பாளர் தளத்தில் உள்ள எங்கள் நிர்வாகிக் கணக்கு முந்தைய நூலகரின் மின்னஞ்சலில் இருக்கிறது. முதலில் அதை மாற்றித் தரும்படி இன்றே எழுதுகிறேன்.